உள்பக்கமா எழுதின கதவு: பேய்ப் பட சிறப்பிதழுக்கு அட்டை போட்ட அனுபவம்

போன வருஷம் ஆடி மாசம், எங்க சினிமா கூட்டத்துல ஆசிரியரா இருக்குற அண்ணன் போன் போட்டு, "பாப்பா, அடுத்த இதழ் முழுக்கப் பேய்ப் படம்தான், அட்டை நீதான் போடணும், புரட்டாசிக்குள்ள கையில வேணும்"னாரு. மதுரையில படம் பார்த்துப் பேசுற ஒரு 12 பேர் சேர்ந்து நடத்துற தனிச்சுற்று இதழ் அது, 500 காப்பி, 64 பக்கம், சென்டர் பின். நான் சிம்மக்கல் பக்கம் ஒரு டிடிபி கடையில 9 வருஷமா இருக்கேன். காதுகுத்து பேனர், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேக நோட்டீஸ்னு காலையில இருந்து ராத்திரி வரைக்கும் கை ஓடிக்கிட்டே இருக்கும், ஆனா இந்த மாதிரி ஒரு வேலை வந்ததே இல்ல. சின்னப்புள்ளையில தலையணைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு பேய்ப் படம் பார்த்தவ நான், அதனால அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்துட்டேன்.

மூணு ராத்திரி வேலை பார்த்தேன். முழு நிலா, அதுக்குக் குறுக்க வவ்வால், பட்ட மரம், பாழடைஞ்ச பங்களா, முன்னாடி வெள்ளைச் சேலை கட்டி முடியை விரிச்சுப் போட்ட பொண்ணு, கீழ இருந்து மண்ணைப் பிளந்துக்கிட்டு வர்ற கை, ஓரத்துல ஒரு மண்டை ஓடு, தலைப்பு ரத்தம் சொட்டுற எழுத்துல, கீழ எட்டு கட்டுரையோட தலைப்பும் வரிசையா. குரூப்ல போட்டேன், எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிட்டாங்க. எனக்கும் திருப்திதான். ஆனா ஒரு பிரிண்ட் எடுத்து எங்க பெரியப்பாகிட்ட காட்டுனேன், அங்கதான் கதை மாறுச்சு.

பெரியப்பா சினிமா பேனர் வரைஞ்சவரு. தங்கம் தியேட்டருக்கெல்லாம் பேனர் வரைஞ்ச ஒரு பட்டறையில சின்னப் பையனா எடுபிடிக்குச் சேர்ந்து, கட்டம் போடப் பழகி, அப்புறம் முகம் வரையிற அளவுக்கு வந்தவரு. தங்கம்னா மதுரையில 1952ல பராசக்தி படத்தோட தொறந்த தியேட்டர், 2,500 பேருக்கு மேல உட்கார இடம் இருந்துச்சு, அதுக்கு முன்னாடி வைக்கிற பேனர் தெருக்கோடியில சைக்கிள்ல போறவன் கண்ணுல விழணும்னு சொல்லுவாரு. ஃப்ளெக்ஸ் வந்து அந்த வேலையே போச்சு, அது தனிக் கதை, அதைப் பத்தி எழுதினா எனக்குத் தாங்காது. அவரு என் பிரிண்டைச் செவுத்துல ஒட்டச் சொன்னாரு, எந்திரிச்சு பின்னாடியே போயி எதிர் செவுத்துல முதுகு இடிக்கிற வரைக்கும் போனாரு, அங்க நின்னு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாரு. "என்னம்மா தெரியுது உனக்கு?"ன்னாரு. நானும் போய் நின்னு கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். சாம்பல் கலர்ல திட்டுத் திட்டா ஒரு கலவை, அவ்வளவுதான். நிலா மட்டும் வெள்ளையா ஒரு வட்டம். பேயும் தெரியல, கையும் தெரியல.

அப்புறம் கிட்ட வந்து கட்டை விரலை வவ்வால் மேல வச்சு மறைச்சாரு. "இது இல்லாட்டி என்ன கொறையுது?" ஒண்ணும் கொறையல. மண்டை ஓடு மேல வச்சாரு, பங்களா மேல வச்சாரு, மரத்து மேல வச்சாரு. ஒவ்வொரு தடவையும் நான் ஒண்ணும் கொறையலன்னுதான் சொல்ல வேண்டியிருந்துச்சு. கடைசியில அந்தப் பொண்ணு மேலயே வச்சாரு, அப்பவும் ஒண்ணும் கொறையல, ஏன்னா அந்தப் பொண்ணை நாம ஆயிரம் படத்துல பார்த்தாச்சு, அவளைப் பார்த்து யாருக்கும் பயம் வராது, "ஓ பேய்ப் படமா"ன்னு ஒரு அடையாளம் மட்டும்தான். இந்த ரெண்டு சோதனையையும் இப்ப நான் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குக் கூட பண்றேன். செவுத்துல ஒட்டி பத்தடி தள்ளிப் போய் கண்ணைச் சுருக்கிப் பாருங்க, அப்புறம் ஒவ்வொண்ணா விரலால மறைச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு படமும் இருக்குற அடுக்கை, அதான் லேயரை, ஆஃப் பண்ணிப் பார்க்குறதை விட இது நல்லா வேலை செய்யுது, ஏன்னா லேயரை ஆஃப் பண்ணும்போது அதை உருவாக்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நமக்கு ஞாபகம் வருது, மனசு கேட்க மாட்டேங்குது.

ஆசிரியர் அண்ணன்கிட்ட போய் இதைச் சொன்னேன். அவரு பழைய அமெரிக்கப் பத்திரிகை அட்டைகளைக் காட்டுனாரு. 1958ல ஆரம்பிச்ச ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்னு பேய்ப் படத்துக்காகவே ஒரு பத்திரிகை, அதுக்கு பேசில் கோகோஸ்னு ஒரு ஓவியர் நிறைய அட்டை வரைஞ்சிருக்காரு. பெரும்பாலும் ஒரே ஒரு முகம். ஆனா அந்த முகத்துல ஒரு பக்கம் பச்சை வெளிச்சம், ஒரு பக்கம் சிவப்பு, நடுவுல மஞ்சள்னு விழுந்திருக்கும். பேய் ஒண்ணுதான், மிச்சமெல்லாம் வெளிச்சம் பண்ற வேலை. அதே மாதிரி 1973ல வந்த தி எக்ஸார்சிஸ்ட் படத்தோட போஸ்டர். பேய் புடிச்ச அந்தப் பொண்ணோட முகமே அதுல கிடையாது. ராத்திரி ஒரு வீட்டுக்கு முன்னாடி தெருவிளக்குக்குக் கீழ தொப்பி போட்ட ஒரு ஆளு பெட்டியோட நிக்கிறாரு, ஜன்னல்ல இருந்து அவரு மேல வெளிச்சம் விழுது. பயப்படுத்துறது அந்த வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு காட்டாம விட்டதுதான். இது ரெண்டையும் பார்த்து எனக்கு வழி ஒண்ணு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா அது அவங்க ஊரு வீடு, அவங்க ஊரு தெருவிளக்கு. நம்ம ஊர்ல அந்தத் தெருவிளக்கு எதுன்னு எனக்குப் பிடிபடல.

பிடிபட்டது அழகர்கோயில்ல. அத்தை மகனோட புள்ளைக்கு முடி இறக்கப் போயிருந்தோம். கோயிலுக்குப் போனா பதினெட்டாம்படி கருப்பசாமியைக் கும்பிடாம வர மாட்டோம், அது தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அங்க உருவம் கிடையாது, மூடின பெரிய கதவுக்குத்தான் சந்தனம் சாத்தி, மாலை போட்டுக் கும்பிடுறது. மலையாளத்துல இருந்து வந்த 18 மந்திரவாதிகளைப் படிக்குக் கீழ புதைச்ச கதையை எங்க அப்பத்தா சொல்லும். பொய்ச் சத்தியம் பண்ண அந்தக் கதவுக்கு முன்னாடி யாருக்கும் தைரியம் வராது. நான் கும்பிட்டுட்டு நிமிர்ந்து பார்த்தேன், சந்தனம் மெழுகின கதவு, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியுது, ஆனா உடம்பு சிலிர்க்குது. நாப்பது வயசு ஆம்பளைங்க குரலை இறக்கிப் பேசுறாங்க. அப்பதான் தோணுச்சு, கதவு. மூடின கதவு போதும்.

ஒண்ணு சொல்லிடுறேன், அந்தக் கதவையோ கருப்பசாமியையோ அட்டையில போடணும்னு ஒரு நிமிஷம் கூட நினைக்கல. கூட்டத்துல ஒருத்தர் "அரிவாளோட அய்யனார் சிலையைக் கீழ இருந்து எடுத்துப் போட்டா மிரட்டலா இருக்குமே"ன்னாரு, நான் ஒத்துக்கல. அது காவல் சாமி. ஊரைக் காக்குறதுக்கு நிக்கிறவரைப் பேய் அட்டையில ஏத்துறது தப்பு, கும்பிடுறவங்க மனசு நோகும், அதோட அர்த்தமே தலைகீழாப் போயிடும். இங்க பேய்ப் பட வேலை பார்க்குறவங்க இந்தக் கோட்டைத் தெளிவா வச்சுக்கிறது நல்லது.

சரி, எந்தக் கதவு? எங்க அப்பத்தா வீடு சோழவந்தான் பக்கம், வெத்தலைக் கொடிக்காலுக்கு நடுவுல போற பாதையில ஓட்டு வீடு, ரெட்டைக் கதவு, பலகைக்குப் பலகை இடுக்கு விழுந்து போச்சு. நான் சின்னப்புள்ளையா இருக்கும்போது எங்க தெருவுல கதவுக்குக் கதவு "இன்று போய் நாளை வா"ன்னு எழுதி வேப்பிலை சொருகி வச்சிருந்தது நல்லா ஞாபகம் இருக்கு. ராத்திரி ரத்தக்காட்டேரி வந்து கதவைத் தட்டும், எழுத்தைப் படிச்சுட்டு சரி நாளைக்கு வருவோம்னு போயிடும், மறுநாள் வந்தா மறுபடியும் அதே எழுத்து, மறுபடியும் போயிடும். பெரியவங்க சொல்லிச் சிரிப்பாங்க, ஆனா எழுதாம விட மாட்டாங்க.

முதல்ல அதையே எடுக்கலாம்னுதான் போனேன், வெளிய நின்னு கதவை எடுத்தேன். நல்லா இருந்துச்சு, ஆனா பழைய ஞாபகம் மாதிரி இருந்துச்சே தவிர பயம் இல்ல. வெயில் தாங்காம உள்ள போய் கதவைச் சாத்துனேன். உச்சிப்பொழுது. வெளிய வாசல்ல வெயில் கொளுத்துது, உள்ள கும்மிருட்டு, பலகை இடுக்கு வழியா அஞ்சாறு கோடு வெள்ளையா எரியுது, நிலைக்குக் கீழ ஒரு கோடு. நம்ம ஊர்ல பேய்க்கு ராத்திரி மட்டும் நேரம் இல்ல, உச்சி வெயில்ல புளியமரத்துப் பக்கம் போகாதன்னு சொல்லிச் சொல்லித்தான் நம்மளை வளர்த்தாங்க. அப்படியே கதவோட உள்பக்கத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். எழுத்து இந்தப் பக்கம் இருந்தா?

வெளிய எழுதினா உள்ள வராதன்னு அர்த்தம். உள்பக்கம் எழுதியிருந்தா அது யாருக்கு? யாரு எழுதினது? எனக்கே கை நடுங்குச்சு, அட்டை இதுதான்னு முடிவாயிடுச்சு.

எழுதுறதுல ஒரு சிக்கல். அடுப்புக் கரியில எழுதிப் பார்த்தேன், கருத்த மரத்துல கரி எப்படித் தெரியும், தடவிப் பார்த்தாத்தான் தெரியுது. சாக்பீஸ்ல எழுதினா பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு. அப்பத்தா திண்ணையில உட்கார்ந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருந்துச்சு, "என்னத்தா அங்குட்டும் இங்குட்டும் அலையிற, சுண்ணாம்பு எடுத்து எழுது"ன்னு வெத்தலைப் பெட்டியை நகட்டி விட்டுச்சு. விரலால தொட்டு எழுதினேன். ஈரமா இருக்கும்போது மங்கலா, ஒண்ணும் தெரியல, எனக்கு சப்புன்னு போச்சு. "பைய இரு, காயக் காயத்தான் வெளுக்கும்"னுச்சு. பத்து நிமிஷத்துல எழுத்து ஒவ்வொண்ணா இருட்டுல இருந்து மேல வந்துச்சு. விரல் அகலத்துக்குக் கோடு, ஆரம்பிச்ச இடத்துல திட்டா, முடியிற இடத்துல இழுத்து மெலிசா. எந்த ஃபான்ட்லயும் இது கிடைக்காது. (விரல் எரியும், தேங்காய் எண்ணெய் தடவிக்கங்க.)

இன்னொண்ணு பெரியப்பா சொன்னது. "நாளை"ல வர்ற ளை-யை நான் இப்ப எழுதுற மாதிரி எழுதியிருந்தேன். அவரு போட்டோவைப் பார்த்துட்டு, "இது உன் வயசு ஆளு எழுதின மாதிரி இருக்கும்மா, இந்த வீட்டுக் கதவுல யாரு எழுதியிருப்பா?"ன்னு கேட்டுட்டு, தினசரி பேப்பர் ஓரத்துல பழைய ளை-யைப் போட்டுக் காட்டுனாரு. 1978ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வர்றதுக்கு முன்னாடி ணை, லை, ளை, னை நாலுக்கும் முன்னாடி தனியா கொம்பு போட மாட்டாங்க, யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு எழுத்தோடவே ஒட்டி வரும். பழைய புத்தகம், பழைய கல்வெட்டுப் பலகை எல்லாம் அப்படித்தான். நான் அதை நாப்பது தடவை பேப்பர்ல எழுதிப் பழகிட்டு, பழசைத் துடைச்சிட்டு, கதவுல மறுபடியும் எழுதினேன். "நாளை வா"ன்னு மட்டும், "இன்று போய்" வேணாம்னு விட்டுட்டேன், ரெண்டு சொல்லுதான் தூரத்துல இருந்து படிக்க முடியும். இப்ப அந்தக் கதவுல எழுதினது 1978க்கு முன்னாடி எழுத்துப் படிச்ச யாரோ ஒருத்தர். பார்க்குறவங்க பாதிப் பேருக்கு இது தெரியாது, தெரியாட்டியும் ஏதோ ஒண்ணு சரியில்லன்னு உறுத்தும்.

போட்டோ எடுத்ததைச் சுருக்கமா சொல்லிடுறேன். கேமரா இரவல், ஸ்டாண்டு கட்டாயம், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் ஆறு செகண்டு வரைக்கும் போச்சு. இடுக்கு வெளிச்சத்துக்கு ஒண்ணு, மரத்துக்கு ஒண்ணு, எழுத்துக்கு ஒண்ணுன்னு மூணு வெளிச்ச அளவுல எடுத்து அப்புறம் சேர்த்தேன். எழுத்து மேல கொஞ்சம் வெளிச்சம் வேணும்னு அப்பத்தாவோட வெள்ளைச் சேலையை சித்தி மகன் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னான், ஜன்னல் வெளிச்சம் அதுல பட்டு மெதுவா கதவுல விழுந்துச்சு. ஏ4 அட்டைக்கு 300 டிபிஐல 2480க்கு 3508 பிக்சல் வேணும், வெட்டுப் பகுதி சேர்த்தா இன்னும் கொஞ்சம், அதனால சாதாரண 12 மெகாபிக்சலே போதும். நெட்ல இருந்து பட ஸ்டில்லை எடுத்து அட்டையில போடாதீங்க, அது அடுத்தவங்க சொத்து, அதோட அந்த சைஸுக்கு இழுத்தா கட்டம் கட்டமா உடைஞ்சு போயிடும். அஞ்சு மணிக்கு அப்பத்தா வந்து, "வெளக்கு வைக்கிறதுக்குள்ள அழிச்சிருத்தா"ன்னு சொல்லிட்டுப் போச்சு. ரெண்டு வாளித் தண்ணி ஊத்தித் தேய்ச்சோம்.

அடுத்து தலைப்பு. ரத்தம் சொட்டுற எழுத்தை ஏன் விட்டேன்னு விவரமா சொல்லணும், ஏன்னா இதுல எல்லாரும் வழுக்குறாங்க. இங்கிலீஷ் எழுத்துல கீழ நாலு சொட்டு விட்டா ஒண்ணும் ஆகாது. தமிழ்ல கீழ இறங்குற கோட்டுக்கே அர்த்தம் இருக்கு. வு, யு, து, ரு எல்லாத்துலயும் ஏதோ ஒண்ணு கீழ இறங்குது, அதுக்குப் பக்கத்துல ஒரு சொட்டு இறங்கினா கண்ணு அதை உகரமாப் படிக்கும். இன்னும் மோசம் புள்ளி. என் முதல் டிசைன்ல "பேய்"ங்கிறதுல புள்ளி சொட்டோட சொட்டாக் கரைஞ்சு "பேய"ன்னு இருந்துச்சு, குரூப்ல 12 பேரும் பார்த்தோம், ஒருத்தருக்கும் தெரியல, பெரியப்பாதான் "புள்ளி எங்கம்மா?"ன்னு கேட்டாரு. கிரஞ்ச்னு சொல்ற அந்த அரிச்ச மாதிரி டெக்ஸ்சர் போட்டாலும் இதே கதைதான், இருக்குற புள்ளியைத் தின்னும், இல்லாத இடத்துல புள்ளி வைக்கும். டெக்ஸ்சர் போட்டே ஆகணும்னா புள்ளியையும் சுழியையும் மாஸ்க் பண்ணிக் காப்பாத்திட்டுப் போடுங்க. நான் தலைப்பைத் தடியான சாதாரண எழுத்துல மஞ்சள் கலர்ல வச்சேன். படத்துல கையெழுத்து இருக்கும்போது தலைப்பும் கையெழுத்தா இருந்தா ரெண்டும் அடிச்சுக்கும். மஞ்சள் ஏன்னா கருப்பு மேல அது மாதிரி தூரத்துக்குத் தெரியிற கலர் வேற இல்ல, அதோட மஞ்சளும் கதவும் நம்ம கண்ணுக்கு வாசப்படி ஞாபகம்தான். சிவப்பை ஒரு சொட்டு கூட வைக்கல.

ஃபோட்டோஷாப்ல தமிழ் யூனிகோடு தட்டினா கொம்பு தள்ளிப் போயி "கொ" உடையுதுன்னு இன்னமும் நிறையப் பேர் யூனிகோடு இல்லாத பழைய பாமினி ஃபான்ட்லயே இருக்காங்க. புது வெர்ஷன்ல டைப் செட்டிங்ஸ்ல வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்தா ஒழுங்கா வரும், இன்டிசைன்ல வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போசர். பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது அட்டை எழுத்தை மட்டும் அவுட்லைன் ஆக்கிடுங்க, அதாவது எழுத்தை வெறும் வடிவமா மாத்துறது, கோரல்ல அதுக்குப் பேரு கர்வ்ஸ். ஆனா அவுட்லைன் ஆக்காத ஃபைல் ஒண்ணு தனியா வச்சுக்கங்க, கடைசி நேரத்துல ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடிப்பாங்க, கண்டிப்பா.

அட்டையில கட்டுரைத் தலைப்பு எட்டு இருந்ததை ரெண்டாக் குறைச்சேன். இதுக்குத்தான் பெரிய சண்டை. எழுதினவங்க எல்லாருக்கும் தன் கட்டுரை பேரு அட்டையில வரணும்னு ஆசை, அது நியாயமான ஆசைதான், சம்பளம் இல்லாம எழுதுறாங்க. ஒரு ராத்திரி பருத்திப்பால் கடை வாசல்ல நின்னு ரெண்டு மணி நேரம் பேசி, எல்லார் பேரையும் பின்னட்டையில நல்லாப் பெருசாப் போடுறேன்னு சொன்னப்புறம்தான் அடங்குச்சு. இந்தப் பேச்சுவார்த்தையை டிசைன் முடிச்சப்புறம் வச்சுக்காதீங்க, முன்னாடியே பேசிடுங்க.

இப்ப கருப்பு. பேய் அட்டைன்னாலே முக்கால்வாசி கருப்புதான், அதனால கருப்பு தெரியாம இந்த வேலைக்குப் போகக் கூடாது. முன்னாடி ஒரு நண்பரோட குறும்படத்துக்குப் போஸ்டர் போட்டப்போ எனக்கு ஒரு பெரிய அடி விழுந்துச்சு. போட்டோ மேல எழுத்துக்குப் பின்னாடி ஒரு கருப்புப் பட்டை வச்சிருந்தேன், திரையில ரெண்டும் ஒரே கருப்பு. அச்சாகி வந்தா பட்டை மட்டும் வெளுத்துப்போன சாம்பலா, சிலேட்டை ஒட்டின மாதிரி பளிச்சுன்னு தனியாத் தெரியுது. அச்சுல சி நீலம், எம் இளஞ்சிவப்பு, ஒய் மஞ்சள், கே கருப்புன்னு நாலு மை. பட்டை வெறும் கே 100, அதாவது கருப்பு மை மட்டும் நூறு சதவீதம், போட்டோவுல இருக்குற கருப்பு நாலு மையும் சேர்ந்தது. கருப்பு மை ஒண்ணு மட்டும் பேப்பரை முழுசா மூடாது. நான் இப்ப பின்னணிக்கு சி 60, எம் 40, ஒய் 40, கே 100 போடுறேன், மொத்தம் 240. இல்ல போட்டோவோட கருப்பு என்னன்னு ஐட்ராப்பர்ல எடுத்து அதையே போட்டுடலாம். திரைக்கான ஆர்ஜிபி கருப்பை அப்படியே இந்த நாலு மைக்கு மாத்துனா ஃபோட்டோஷாப்போட வழக்கமான செட்டிங்ல 75, 68, 67, 90ன்னு வரும், கூட்டினா 300, ஆர்ட் பேப்பருக்கு அதுவே கிட்டத்தட்ட எல்லை, அதுக்கு மேல போனா மை காயாம அடுத்த ஷீட்டோட முதுகுல ஒட்டும். இன்டிசைன்லயும் இல்லஸ்ட்ரேட்டர்லயும் ப்ரிஃபரன்ஸ்ல அப்பியரன்ஸ் ஆஃப் பிளாக்னு ஒண்ணு இருக்கு, அதை எல்லாக் கருப்பையும் சரியாக் காட்டுற மாதிரி மாத்திட்டா வித்தியாசம் திரையிலயே தெரிஞ்சிடும். எனக்கு இதை யாரும் முன்னாடி சொல்லல.

அதே நாலு மைக் கருப்புல சின்ன வெள்ளை எழுத்து போட்டா வேற தொல்லை, மைக்கு ஒண்ணா இருக்குற நாலு அச்சுத் தகடும் (பிளேட்) முடி அளவு நகர்ந்தாக் கூட எழுத்துக்குள்ள கலர் கசியும், மெல்லிசு எழுத்து அடைச்சே போயிடும். அதனால கருப்புல வர்ற எழுத்து தடியா, 10 பாயிண்டுக்குக் குறையாம. அப்புறம் இருட்டுக்குள்ள இருக்குற விவரம். அச்சுல மைப் புள்ளி விரியும், திரையில மங்கலாத் தெரியிற மர ரேகை பேப்பர்ல மொத்தக் கருப்பாயிடும். என் ராத்திரி ரூம்ல, பிரைட்னஸ் ஏத்தி வச்ச திரையில, கதவோட ரேகை அவ்வளவு அழகாத் தெரிஞ்சுச்சு. பகல்ல, பிரைட்னஸைப் பாதியாக் குறைச்சுப் பார்த்தேன், கதவே இல்ல, எழுத்து மட்டும் அந்தரத்துல மிதக்குது. ஃபோட்டோஷாப்ல வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கர்வ்ஸ்ல இருட்டுப் பகுதியை மட்டும் நல்லாத் தூக்கினேன், திரையில கொஞ்சம் வெளுத்த மாதிரி, "என்ன பயமே போச்சே"ன்னு தோணுற அளவுக்கு. அச்சுல அதுதான் சரியா வந்துச்சு.

அச்சு சிவகாசியில. திருமங்கலம் வழியா பஸ், 70 கிலோமீட்டர் சொச்சம். ஃபைலை மெயில்ல அனுப்பிட்டு வீட்ல இருக்கலாம், ஆனா பேய் அட்டைக்கு நேர்ல போங்க, மை எவ்வளவு ஓடணும்னு மெஷின்கிட்ட நின்னாத்தான் சொல்ல முடியும். ஃபைல் அச்சுக்குன்னே இருக்குற பிடிஎஃப் எக்ஸ்-1ஏ, நாலு பக்கமும் 3 எம்எம் ப்ளீட் (வெட்டுப் பகுதி), அட்டை 250 ஜிஎஸ்எம் கனத்துல ஆர்ட் போர்டு, மேலே பளபளப்பில்லாத மேட் லேமினேஷன். எழுத்து மேல மட்டும் ஸ்பாட் யூவின்னு ஒரு பளபளப்புப் பூச்சு போடணும்னு ஆசை, திருப்பும்போது மட்டும் பளபளன்னு தெரியும், 500 காப்பிக்குக் கட்டுப்படியாகாதுன்னு விட்டுட்டோம்.

பிளேட் போடுற இடத்துல ஒரு பெரியவர் இருந்தாரு, அறுபது தாண்டியிருக்கும். நாள் முழுக்க காலண்டரும் நோட்டு அட்டையும் பார்க்குறவரு, எதையும் நின்னு பார்க்க நேரம் இருக்காது. என் புரூஃப்பைக் கையில எடுத்தாரு, மேசையில வைக்கப் போனவரு மறுபடியும் எடுத்தாரு. கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு கிட்டக்கப் பிடிச்சுப் பார்த்தாரு. "பழைய ளை போட்டிருக்கே, யாருத்தா எழுதினது?"ன்னாரு. நான்தான்யான்னேன். அவரு அதைக் கேட்ட மாதிரி தெரியல, இன்னும் பார்த்துக்கிட்டே, "தாழ்ப்பாள் இந்தப் பக்கம்ல இருக்கு. அப்ப எழுத்து உள்பக்கம்ல இருக்கு"ன்னாரு. அப்புறம் ஒண்ணும் பேசல, புரூஃப்பைக் கவுத்து வச்சுட்டாரு. பஸ்ல திரும்பி வரும்போது எனக்கு அழுகையே வந்துடுச்சு, சந்தோஷத்துல.

குறைன்னு பார்த்தா ரெண்டு. முதுகுல மடிக்கிற இடத்துல கருப்பு வெடிச்சு வெள்ளைக் கோடு விழுந்துச்சு, லேமினேஷன் இருந்தும் ஒரு அம்பது அறுபது காப்பியில. 250 ஜிஎஸ்எம்னா மடிக்கிறதுக்கு முன்னாடி கிரீஸிங், அதான் மடிப்புக் கோட்டை அழுத்தி விடுறது, போடச் சொல்லிக் கேட்கணும், நான் கேட்கல, அவங்களும் சொல்லல. மேட் கருப்புல விரல் ரேகையும் கீறலும் ஒட்டிக்கும், கட்டுக் கட்டும்போது இடையில ஒரு பேப்பர் வச்சுக் கட்டச் சொல்லணும். அப்பத்தாகிட்ட ஒரு காப்பி கொடுத்தேன், "நம்ம வீட்டுக் கதவுல்ல"ன்னு ரொம்ப நேரம் தடவிப் பார்த்துச்சு, ஆனா வீட்டுக்குள்ள வைக்க விடல, நான் ஊருக்குக் கிளம்பும்போது என் பையிலயே திருப்பி வச்சிடுச்சு.

இதழ் வந்த மறுநாள், ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல தெரிஞ்ச பெட்டிக்கடையில அஞ்சு காப்பி கொடுத்தோம். கயிறு கட்டி க்ளிப் மாட்டித் தொங்கவிடுவாங்க, ஒண்ணு மேல ஒண்ணு, மேல மூணுல ஒரு பங்குதான் வெளிய தெரியும். அது எனக்கு முன்னாடியே தெரியும், அதனாலதான் தலைப்பையும் "நாளை வா"வையும் அந்த மேல் பங்குலயே அடக்கியிருந்தேன். எதிர்ல நின்னு பார்த்தேன். மஞ்சள் தலைப்பு ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் நல்லாத் தெரியுது, எழுத்தும் தெரியுது. ஆனா க்ளிப் நட்டநடுவுல, சரியா "பேய்"ங்கிற எழுத்தோட புள்ளி மேல உட்கார்ந்திருந்துச்சு. அடுத்த இதழுக்குத் தலைப்பை 12 எம்எம் கீழ இறக்கி வச்சிருக்கேன்.